காற்று போனாலும் கைப்பிடி தவறாதிருக்க
சைக்கிள் டயர் வகைகளும் ஓட்டுநர் பாதுகாப்பும் – ஔந்திலிருந்து ஒரு பார்வை

'சைக்கிள்களின் நகரம்' என்ற பெயர் புனேவுக்கு ஒரு காலத்தில் நாடெங்கும் வழங்கிவந்தது. ஆலைத் தொழிலாளர், கல்லூரி மாணவர், பேராசிரியர், அரசு அலுவலர் ஆகிய அனைவரும் சைக்கிளிலேயே சென்றுவந்த நகரம் இது. பின்னாளில் மோட்டார் வாகனங்கள் பெருகியபோது அப்பெயர் மங்கிற்று. அதனை மீட்கும் நோக்கில், 2017 டிசம்பரில் புனே மாநகராட்சி விரிவான சைக்கிள் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. அதே மாதத்தில் சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழக வளாகத்திலும், அதனை அடுத்துள்ள ஔந்திலும் பொதுச் சைக்கிள் பகிர்வுச் சேவை தொடங்கிற்று. கைப்பேசியால் பூட்டைத் திறந்து, ஒரு தெருவில் எடுத்த சைக்கிளை வேறொரு தெருவில் விட்டுச் செல்லும் வசதி அப்போது புதுமையாக இருந்தது.

2018-இல் புனேவுக்கு வந்த மோபைக் நிறுவனம், காற்றே தேவைப்படாத திடமான டயர்களைத் தன் சைக்கிள்களில் பயன்படுத்துவதற்குப் பெயர் பெற்றிருந்தது. அத்தகைய டயரில் முள் ஏறினாலும் பஞ்சர் இல்லை, வெடிப்பும் இல்லை. ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பகிர்வுச் சேவைகள் ஓய்ந்துவிட்டன. ஆனால் அவை ஏற்படுத்திய ஆர்வம் ஓயவில்லை. இன்று ஔந்த், பாணேர், பாலேவாடிப் பகுதிகளின் அடுக்ககங்களில் சொந்தச் சைக்கிள்கள் கணிசமாக நிற்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே காற்றடைத்த டயர்களில்தான் ஓடுகின்றன.

வெடிக்காத டயர் ஒன்று இருக்கும்போது, வெடிக்கக்கூடிய டயரில் நாம் ஏன் பயணம் செய்கிறோம்? வெடித்தால் நம்மைக் காப்பது எது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்று வந்த கதை

தொடக்கக் காலச் சைக்கிள்கள் இரும்புப் பட்டையிலும், பின்னர் திடமான ரப்பர் வளையத்திலும் ஓடின. 1888-இல், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கிக் காப்புரிமை பெற்றார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே இதே எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தமையால், டன்லப்பின் உரிமை பின்னர் செல்லாது என்றானது. எனினும் சைக்கிளில் காற்று நிலைபெற்றது டன்லப்பின் முயற்சிக்குப் பிறகுதான்.

காற்று, சாலையின் சிறு மேடுபள்ளங்களைத் தானே விழுங்கிக்கொள்கிறது. சக்கரம் எளிதாக உருள்கிறது. வளைவில் ரப்பர் சாலையை நன்றாகப் பற்றுகிறது. பிரேக் பிடித்தால் நழுவாமல் நிற்கிறது. திட டயருக்கு இந்தப் பண்புகள் குறைவு. அது கனமானது, கைகளுக்கும் முதுகுக்கும் அதிர்வைத் தருவது. அருகிலுள்ள கடைக்குச் சென்றுவர அது போதும். அன்றாடம் 10 கிலோமீட்டர் செல்பவருக்குக் காற்றே உகந்தது.

காற்றை அடைத்துவைத்தால் அது வெளியேற வழி தேடும் என்பதும் இயல்பே. ஆகவே டன்லப்புக்குப் பின் வந்தவர்களின் கவனம், டயரை ரிம்மில் இறுக்கமாக உட்கார வைப்பதில் சென்றது. 1890-இல் இங்கிலாந்தின் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச், டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையத்தைப் பொதிந்துவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1891-இல் பிரான்சின் மிஷ்லான் சகோதரர்கள் சாலையோரத்திலேயே கழற்றி மாட்டக்கூடிய டயரை உருவாக்கினர். அதே ஆண்டில், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீண்ட பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில், அந்த டயர்களுடன் ஓட்டிய சார்ல்ஸ் தெரோன் வழியில் பஞ்சர்களைச் சந்தித்தும் வெற்றி பெற்றார். இன்று நம் வீட்டுச் சைக்கிளில் இருப்பது வெல்ச்சின் கம்பி ஓர டயரின் வழிவந்ததே.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

உள்ளே இருக்கும் டியூப் மெல்லிய ரப்பர் பை மட்டுமே. அதனைத் தனியே எடுத்துக் காற்றடித்தால், சிறிதளவு அழுத்தத்திலேயே பலூனைப் போல் உப்பிப் பருத்துவிடும். காற்றைத் தடுப்பது டியூபின் வேலை. அதன் விசையைத் தாங்குவது டயரின் வேலை.

இதிலிருந்து பயனுள்ள ஓர் உண்மை கிடைக்கிறது. நல்ல நிலையிலுள்ள டயருக்குள் டியூபில் ஓட்டை விழுந்தால், காற்று 'உஸ்' என்று கசியும். 'டமார்' என்ற ஓசை எழவேண்டுமானால், டியூப் டயருக்கு வெளியே எட்டிப்பார்த்திருக்க வேண்டும். டயரின் பக்கச்சுவர் கிழிந்திருக்கலாம். அல்லது டயரின் ஓரம் ரிம்மைவிட்டு மேலெழுந்திருக்கலாம். ஆகவே வெடிச்சத்தம் கேட்ட பின் டியூபை மட்டும் மாற்றுவது போதாது. அதே டயர், அதே இடத்தில், புதிய டியூபையும் வெளியே விட்டுவிடும்.

ஔந்தில் உள்ள நம் கிளைக்கு வரும் மூத்த வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவம் இதற்குச் சான்று. ஓய்வுபெற்ற தமிழரான அவர், காலையில் பால், காய்கறி வாங்கச் சைக்கிளில் செல்பவர். ஒரு நாள் ஓய்வூதியக் கணக்கு தொடர்பாக அவர் வந்தபோது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. முதல் நாள் மாலையில் ஒரு கடையில் முன்சக்கர டியூபை மாற்றியிருக்கிறார். மாட்டும்போது டியூபின் ஒரு பகுதி டயர் ஓரத்துக்கும் ரிம்முக்கும் இடையே சிக்கிக்கொண்டது. மறுநாள் ஐ.டி.ஐ. சாலையில் அந்த இடம் வெடித்தது. "சத்தம் கேட்டதும் பஸ் டயர்னு நினைச்சேன் சார். பயத்துல ரெண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடிச்சுட்டேன்" என்றார். காற்றில்லாத முன்சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தது. அவரை வீழ்த்தியது, சத்தத்துக்கு அடுத்த அரை நொடியில் முன்சக்கரத்தில் விழுந்த பிரேக்.

எந்த டயர் எப்படி நடந்துகொள்ளும்?

நம் ஊர்ச் சைக்கிள்களில் காணப்படும் டயர்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எஃகுக் கம்பி ஓர டயர். கறுப்பு நிற உயர சைக்கிள் முதல் பள்ளி மாணவர் சைக்கிள் வரை பெரும்பாலானவற்றில் இருப்பது இதுவே. விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது. ஓரக் கம்பி நல்ல நிலையிலும் அளவு பொருத்தமாகவும் இருந்தால், காற்று முழுதும் போன பிறகும் ரிம்மிலேயே இருக்கும். மழைநீரில் கம்பி துருப்பிடித்து அறுந்தால் டயர் அந்த இடத்தில் புடைத்துக்கொள்ளும். அத்தகைய டயரை ஒரு நாள்கூட ஓட்டலாகாது.

இரண்டாவது, மடிக்கக்கூடிய டயர். இதில் எஃகுக்குப் பதிலாக அராமிட் இழை இருக்கும். எடை குறைவு, விலை கூடுதல். இதுவும் டியூபுடன் இயங்குவதே.

மூன்றாவது, ட்யூப்லெஸ். டியூப் இல்லாமல் டயரே ரிம்முடன் காற்றுப்புகாமல் பொருந்தும். உள்ளே ஊற்றப்படும் அடைப்புத் திரவம் சிறு முள் துளைகளைத் தானே அடைத்துவிடும். கருவேல முள் நிறைந்த சாலைகளில் இது பெரும் வசதி. ஆனால் அத்திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும். அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

இவ்வகையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. டயரின் ஓரத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போன்ற விளிம்பு, சில புதிய ரிம்களில் இருப்பதில்லை. 2024 பிப்ரவரியில் யு.ஏ.இ. டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட் விழுந்தபோது, அவருடைய முன் டயர் அத்தகைய ரிம்மிலிருந்து கழன்று கிடந்தது. காரணம் குறித்துக் கருத்து வேறுபாடு இருந்தபோதும், கொக்கியில்லா ரிம்கள் பற்றிய விவாதம் அதன் பின் வலுத்தது. இவ்வகை ரிம்முக்குத் தர விதிகள் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பி.எஸ்.ஐ. மட்டுமே. விலை உயர்ந்த சைக்கிள் வாங்குவோர், தங்கள் ரிம் எவ்வகை என்பதைக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

நான்காவது, பந்தய வீரர்களின் ட்யூபுலர். டியூபைச் சுற்றிக் குழாய் வடிவில் தைக்கப்பட்டு, ரிம்மில் பசையால் ஒட்டப்படும் டயர் இது. பசை நன்றாகப் பிடித்திருந்தால் காற்று போனாலும் கழலாது. பசை கெட்டால் நிலைமை வேறு. அதனைப் பின்னர் காண்போம்.

ஐந்தாவது, நாம் முதலில் கண்ட திட டயர்.

வகை எதுவாயினும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: காற்று முழுதும் போன பின், இந்த டயர் ரிம்மிலேயே இருக்குமா? இருந்தால் சைக்கிள் தள்ளாடும், ஆனால் நிறுத்திவிடலாம். கழன்று ஃபோர்க்கில் சிக்கினால் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கடையில் சொல்லவேண்டிய எண்

'28 இஞ்சு டயர் கொடுங்கள்' என்று கேட்பது நம் வழக்கம். இது போதாது. டயரின் பக்கச்சுவரில் 40-635, 37-622 என்பது போன்ற இரட்டை எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது எண், டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில்.

நம் பழைய கறுப்புச் சைக்கிளின் 28 × 1½ அளவு டயரின் விட்டம் 635. இக்கால ஹைபிரிட், ரோடு சைக்கிள்களின் 700சி டயரின் விட்டம் 622. இரண்டையும் '28 இஞ்சு' என்று அழைப்போர் உண்டு. '26 இஞ்சு' என்ற பெயரிலும் 559, 590 என வெவ்வேறு விட்டங்கள் உள்ளன. 27 இஞ்சுப் பழைய பந்தயச் சைக்கிளின் விட்டம் 630. அந்த டயரை 622 ரிம்மில் சிரமமின்றி மாட்டிவிடலாம். ஆபத்து அந்த எளிமையில்தான் இருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் தளர்வுடன் உட்கார்ந்த டயர், காற்றடித்ததும் ரிம்மைத் தாண்டி எழுந்துவிடும்.

கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் பணம் வேறெங்கோ சென்றுவிடும் என்பதை நம் வாடிக்கையாளர்கள் அறிவர். டயர் எண்ணையும் அதே கவனத்துடன் குறித்துவைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சைக்கிள், ரிக்ஷா டயர்களுக்கு ஐ.எஸ். 2414 என்ற இந்தியத் தரநிலை உள்ளது. டயரில் அம்முத்திரை உள்ளதா என்பதையும் பார்க்கலாம்.

எவ்வளவு காற்று?

அகலம் கூடினால் அழுத்தம் குறைய வேண்டும். டயரின் துணி தாங்கும் இழுவிசை, அழுத்தத்தையும் டயரின் பருமனையும் பெருக்கினால் வருவது. 28 மில்லிமீட்டர் டயரில் 80 பி.எஸ்.ஐ. ஏற்படுத்தும் இழுவிசையை, 56 மில்லிமீட்டர் டயரில் 40 பி.எஸ்.ஐ.யே ஏற்படுத்திவிடும். ஆகவே மெல்லிய டயருக்குரிய அளவைத் தடித்த டயரில் அடிப்பது, அதன் சுமையை இரு மடங்காக்குவதாகும்.

பொதுவாக, அகன்ற மலைச் சைக்கிள் டயருக்கு 35 முதல் 60 பி.எஸ்.ஐ. வரையிலும், ஹைபிரிட் வகைக்கு 50 முதல் 75 வரையிலும், மெல்லிய ரோடு டயருக்கு 80 முதல் 100 வரையிலும் வழங்குகிறது. இறுதி முடிவு, உங்கள் டயரின் பக்கச்சுவரில் எழுதியுள்ள எண்ணே. அங்கே 'மேக்ஸ்' என்று குறித்திருப்பது உச்ச வரம்பு. அவ்வளவும் அடித்தே ஆகவேண்டும் என்பதில்லை.

பெட்ரோல் நிலையத்திலோ மோட்டார் வாகனக் கடையிலோ கம்ப்ரசரில் காற்றடிப்போர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மெல்லிய சைக்கிள் டயரின் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர்தான். கார் டயருக்கு நிமிடக்கணக்கில் அடிக்கும் கருவி, இதனைச் சில நொடிகளில் வரம்பு கடக்கச் செய்யும். அளவுமானியுடன் கூடிய கைப்பம்பு ஒன்றை வீட்டில் வைத்திருப்பது சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.

காற்று குறைந்தாலும் தீங்கே. பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்தது போல் இரட்டைத் துளை விழும். பாலங்களின் இணைப்பு இடைவெளி, மழைநீர் வடிகாலின் கம்பி மூடி, திடீர் வேகத்தடை ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் பள்ளத்தை நீர் மறைத்திருக்கும். ஈரமான ரப்பரைக் கண்ணாடித் துண்டு எளிதில் அறுக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மலை இறக்கத்தில் வெப்பம்

ஞாயிறு காலையில் சிங்ககட் கோட்டைக்குச் சைக்கிளில் ஏறிவருவது புனே இளைஞர்களின் விருப்பம். ஔந்திலிருந்தும் பலர் விடியுமுன்னரே கிளம்பிச் செல்கின்றனர். ஏறும்போது வியர்வை, இறங்கும்போதுதான் ஆபத்து.

மலைச்சாலை ஏறத்தாழ 9 கிலோமீட்டர். உயர வேறுபாடு 500 மீட்டருக்கு மேல். ஓட்டுநரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ எடை என்று கொண்டால், 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒன்றேகால் லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியை எதிர்க்காற்று எடுத்துக்கொள்ளும். மீதி பிரேக்கில் வெப்பமாகும். ரிம்மைப் பற்றும் பிரேக் உள்ள சைக்கிளில், அந்த வெப்பம் டயர் உட்கார்ந்திருக்கும் ரிம்மிலேயே சேர்கிறது.

வெப்பத்தால் காற்றழுத்தம் கூடும் என்பது உண்மையே; ஆனால் கூடும் அளவு மிதமானது. 25 பாகை செல்சியசிலிருந்து 65 பாகைக்கு உயர்ந்தால், 87 பி.எஸ்.ஐ. ஏறத்தாழ 100 ஆகும். தரமான டயர் இதனைத் தாங்கும். ஏற்கெனவே உச்ச வரம்பில் அடித்த டயரும், கம்பி துருப்பிடித்த டயரும் தாங்காமல் போகலாம். மேலும் சூடேறிய ரிம், உள்ளிருக்கும் ரிம் டேப்பையும், டியூபில் போட்ட ஒட்டையும், ட்யூபுலர் பசையையும் இளக்கக்கூடியது.

2003 ஜூலை 14 அன்று டூர் த பிரான்ஸ் பந்தயம் கடும் வெயிலில் காப் நகரை நோக்கி இறங்கியபோது, ஸ்பெயின் வீரர் ஹொசேபா பெலோக்கியின் பின்சக்கரம் இளகிய தார்ச்சாலையில் பூட்டி நழுவியது; ட்யூபுலர் டயர் ரிம்மிலிருந்து பிதுங்கிக் கழன்றது. அவருடைய தொடை எலும்பு முறிந்தது. உலகத் தரம் வாய்ந்த வீரருக்கே அந்த ஒரு கணத்தில் மீள வழியில்லாமல் போயிற்று.

நாம் செய்யக்கூடியது எளிது. பிரேக்கை இடைவிடாமல் லேசாகப் பிடித்தபடியே இறங்கலாகாது. பார்வைக்கு நேரான பாதை உள்ள இடத்தில் விட்டு, வளைவுக்கு முன் இரு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, மீண்டும் விடவேண்டும். நிமிர்ந்து அமர்ந்தால் காற்றே பாதி பிரேக்காகும். ரிம் சூடேறியதாகத் தோன்றினால் ஓரமாக நின்று ஐந்து நிமிடம் இளைப்பாறலாம்.

அந்த மூன்று நொடிகள்

எல்லா முன்னெச்சரிக்கைக்குப் பின்னும் டயர் வெடிக்கலாம். அப்போது செய்யவேண்டியதை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, சத்தத்துக்கு உடனே எதிர்வினை செய்யாமல் கைப்பிடியை உறுதியாக, நேராகப் பிடியுங்கள். திரும்பவோ வளையவோ முயல வேண்டாம். மிதிப்பதை நிறுத்துங்கள்.

இரண்டாவது, எந்தச் சக்கரம் என்று உணருங்கள். கைப்பிடி கனத்து, இருபுறமும் இழுத்தால் முன்சக்கரம். இருக்கைக்குக் கீழே மீன் வால் போல் ஆடினால் பின்சக்கரம்.

மூன்றாவது, காற்றுள்ள சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பயன்படுத்துங்கள். முன் டயர் போயிருந்தால், உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளி, பின் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். பின் டயர் போயிருந்தால், முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்துங்கள். எந்தச் சக்கரம் என்று தெளிவாகத் தெரியாவிட்டால், பின் பிரேக்கை மிக லேசாகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

நான்காவது, வேகம் நடை அளவுக்குக் குறைந்த பின்னரே இடப்புறம் ஒதுங்குங்கள். சாலை நடுவில் திடீரென நின்றால், பின்னால் வரும் பேருந்துக்கு நேரமிராது.

நம் நாட்டுச் சைக்கிள்களில் வலக்கைப் பிடி பெரும்பாலும் முன் பிரேக்குக்கு உரியது. ஆனால் எல்லாவற்றிலும் அவ்வாறில்லை. உங்கள் சைக்கிளில் எந்தப் பிடி எந்தச் சக்கரத்துக்கு என்பதை இன்றே ஒரு முறை தள்ளிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வாகனமற்ற திடலில், குறைந்த வேகத்தில், ஒரே ஒரு பிரேக்கால் நிறுத்திப் பழகுங்கள். குழந்தைகளுக்கும் இதனைக் கற்பிக்கலாம். நாம் மேலே குறிப்பிட்ட மூத்த வாடிக்கையாளர் கட்டு பிரித்த பின் இவ்வாறே பழகி, இன்றும் சைக்கிளில்தான் வருகிறார். இப்போது தலைக்கவசமும் அணிகிறார்.

வாரத்துக்கு ஐந்து நிமிடம்

சனிக்கிழமை மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கினால், வெடிப்புக்கான காரணங்களில் பெரும்பாலானவை முன்னரே கண்ணில் படும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். டயரில் புடைப்பு, பக்கச்சுவரில் வெடிப்பு, வெளியே தெரியும் நூல் உள்ளனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் டயரை மாற்றிவிடுங்கள்.

டயருக்கும் ரிம்முக்கும் இடையே ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஓரிடத்தில் மேலெழுந்தோ அமிழ்ந்தோ இருந்தால், டயர் சரியாக உட்காரவில்லை. அல்லது டியூப் சிக்கியிருக்கிறது. காற்றை இறக்கி மீண்டும் மாட்டவேண்டும். புதிய டியூப் மாட்டும்போது முதலில் சிறிதளவு காற்றடித்து, டயரை இருபுறமும் கையால் பிசைந்து, உள்ளே டியூப் தெரியவில்லை என்று உறுதிசெய்த பின்னரே முழுக் காற்றும் அடிக்கவேண்டும். கடையில் மாற்றினாலும் இதனைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

சக்கரத்தில் கோட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரை உராய்ந்தால், பக்கச்சுவர் சில நாட்களில் அறுந்துவிடும். ரிம் டேப் விலகியிருந்தால் கம்பிகளின் முனை டியூபைக் குத்தும். பழைய வகை வால்வாக இருந்தால், அதன் வால்டியூப் உலர்ந்து விரிசல் விடாதிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு டயர்களில் புதியது ஒன்றுதான் என்றால், அதனை முன்சக்கரத்தில் மாட்டுங்கள். பின் டயர் விரைவில் தேயும். ஆனால் முன் டயர் போனால்தான் விழும் வாய்ப்பு மிகுதி.

எதிர்பாராததற்கு ஓர் ஏற்பாடு

சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும், 18 முதல் 70 வயது வரையுள்ள எவரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேரலாம். 2022 ஜூன் முதல் இதன் ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். விபத்தில் இறப்போ, இரு கண்கள், இரு கைகள் அல்லது இரு கால்களின் முழு இழப்போ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாயும், ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு காலின் முழு இழப்புக்கு 1 லட்சம் ரூபாயும் கிடைக்கும். சைக்கிள் விபத்தும் இதில் அடங்கும்.

இங்கே மூன்று செய்திகளை வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டும். சாதாரண எலும்பு முறிவுக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் இத்திட்டத்தில் தொகை இல்லை. அதற்கு மருத்துவக் காப்பீடு தனியே தேவை. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. கட்டணம் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படுவதால், மே மாதத்தில் போதிய இருப்பு இல்லாவிட்டால் காப்பு அறுந்துவிடும். சாலை விபத்து எனில் காவல் துறையில் பதிவு செய்யவேண்டும். வங்கிக்கும் தாமதமின்றி, இயன்றவரை 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாரிசுதாரர் பெயர் சரியாக உள்ளதா என்பதைக் கிளையில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வதும் நன்று.

ஔந்தின் பிரேமன் சௌக், ஜெர்மனியின் பிரேமன் நகரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. புனேவுடன் நட்புறவு பூண்ட அந்நகரில், அலுவலகம் செல்வோரும் பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிளில் செல்வது அன்றாடக் காட்சி. நம் சாலைகளும் அந்நிலையை எட்டவேண்டும் என்பது நம் விருப்பம். சாலை சீராகும் வரை காத்திருக்கத் தேவையின்றி, பொருத்தமான டயர், அளவான காற்று, பழகிய கை ஆகிய மூன்றையும் இந்த வாரமே நாம் ஏற்படுத்திக்கொள்ளலாம். வாடிக்கையாளர்கள் அனைவரின் சைக்கிள் பயணங்களும் பாதுகாப்பாக அமைய வாழ்த்துகிறோம்.